ஃபோல்சம் சிறைக் கச்சேரி: அந்தக் கூச்சல் நிஜமா, ஒட்டு வேலையா?

மோர்ஸ்காரர் | ஞாயிறு, காலை 6.40

பரணைச் சுத்தம் செய்யும்போது ஒரு கேசட் கிடைத்தது. அமெரிக்க கன்ட்ரி (கிராமிய பாணி) பாடகர் ஜானி காஷ், ஃபோல்சம் சிறையில் கைதிகளுக்கு முன்னால் பாடியது. 1979-இல் ஹூஸ்டன் துறைமுகத்தில், கடலோடிகள் விடுதியில் ஒருவரிடம் வாங்கினேன். அட்டையில் வியர்த்து வழியும் அவர் முகம். உறை கிழிந்துபோய் நான் ஒட்டிய செலோடேப் மஞ்சளாகிவிட்டது.

அப்போது நான் சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசர். கப்பலில் எங்களை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், 'ஸ்பார்க்ஸ்'தான். எட்டு மணி நேரம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மோர்ஸ் தந்திக் குறியீட்டின் புள்ளியும் கோடும் கேட்ட பிறகும் தூக்கம் வராது. காதுக்குள் டிட்-டா ஓடிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்துவதற்காக இந்தக் கேசட்டைப் போடுவேன்.

கன்ட்ரி பாட்டெல்லாம் எனக்குப் பழக்கமே கிடையாது. ஆனால் இந்தக் கேசட்டில் மனுஷன் வந்து தன் பேரைச் சொல்கிறார், உடனே கூடம் இடிந்து விழுகிற மாதிரி சத்தம். முதல் பாட்டான 'ஃபோல்சம் பிரிசன் ப்ளூஸ்'-லேயே, ரீனோவில் ஒருவனைச் சுட்டேன், அவன் சாவதைப் பார்ப்பதற்காகவே சுட்டேன் என்று ஒரு வரி. அது முடிந்ததும் கைதி ஒருவன் சந்தோஷமாகக் கூவுவான். முதல் தடவை கேட்டபோது உடம்பு சில்லிட்டது. அதன் பிறகு அந்த ஒரு நொடிக்காகவே டேப்பைத் திருப்பித் திருப்பி ஓட்டியிருக்கிறேன்.

நேற்று இதை மருமகனிடம் சொன்னால் சிரிக்கிறார். "மாமா, அந்தக் கூச்சல் ஸ்டுடியோவில் ஒட்டினது." நாற்பத்தைந்து வருஷமாக நான் கேட்டது பொய்யா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒலிக்கூடம் | ஞாயிறு, காலை 8.15

உங்கள் மருமகன் சொன்னது சரிதான் ஐயா, மன்னிக்கவும். நான் ஒலிப்பதிவுத் தொழிலில்தான் இருக்கிறேன். 2008-இல் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனி வெளியிட்ட பெரிய பதிப்பில் அன்றைய இரண்டு காட்சிகளும் முழுசாக இருக்கின்றன. அதில் அந்த வரி முடிந்ததும் கூச்சல் எதுவும் இல்லை. பாட்டு அப்படியே அடுத்த வரிக்குப் போகிறது. அந்தக் கச்சேரியைப் பற்றித் தனியாகவே புத்தகம் எழுதிய மைக்கேல் ஸ்ட்ரைஸ்கத்தும், கூச்சல் பின்னால் சேர்த்ததுதான் என்று சொல்லிவிட்டார்.

யோசித்தால் காரணம் எளிது. கொலை, சிறை என்று வருகிற வரிகளுக்கு வாய்விட்டுக் கத்த கைதிகளுக்குத் தயக்கம். சுற்றிலும் காவலர்கள். பாடகர் சாயங்காலம் ஊருக்குப் போய்விடுவார், கத்தியவன் அங்கேதான் இருக்க வேண்டும்.

அந்த ஆரம்ப ஆரவாரமும் சொல்லிக்கொடுத்துச் செய்ததுதான். ஹியூ செரி என்ற வானொலி அறிவிப்பாளர் முன்னாலேயே மேடையேறி, காஷ் வந்ததும் கத்தாதீர்கள், அவர் தன் பேரைச் சொல்லும் வரை சும்மா இருங்கள், சொன்னதும் வெடியுங்கள் என்று கைதிகளைத் தயார் செய்கிறார். அதுவும் பெரிய பதிப்பில் இருக்கிறது.

அப்புறம், 1968-இல் வந்த தட்டில் பெரும்பாலும் காலைக் காட்சிதான். மதியக் காட்சியிலிருந்து இரண்டே இரண்டு பாட்டு. மதியத்துக்குள் குரல் களைத்துவிட்டது.

சும்மா இருப்பவன் | ஞாயிறு, காலை 8.52

எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். ரீனோ இருப்பது நெவாடா மாநிலத்தில். ஃபோல்சம் கலிபோர்னியா அரசின் சிறை. நெவாடாவில் கொலை செய்தவனைக் கலிபோர்னியாக்காரன் எதற்குச் சோறு போட்டு வைத்திருக்கிறான்? கூச்சலை விடுங்கள், கேஸே பொய்க்கேஸ்.

மோர்ஸ்காரர் | ஞாயிறு, காலை 9.30

சும்மா இருப்பவரே, பேருக்கேற்ற மாதிரி சும்மா இரும் ஐயா.

ஒலிக்கூடம் தம்பி, விளக்கத்துக்கு நன்றி. ஆனால் மனசு ஒப்பவில்லை. நேரடிப் பதிவு என்று அட்டையில் போட்டுவிட்டு உள்ளே ஒட்டு வேலை செய்தால் அது எப்படி நேரடி? கப்பலில் நான் வாங்கிய செய்தியில் ஒரு சொல்லை என் இஷ்டத்துக்குச் சேர்த்திருந்தால் கேப்டன் என்னை அடுத்த துறைமுகத்திலேயே இறக்கிவிட்டிருப்பார்.

கொட்டாஞ்சேனை | ஞாயிறு, காலை 11.05

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கொழும்பில் எங்கள் வீட்டில் கன்ட்ரி என்றால் ஜிம் ரீவ்ஸ்தான். அவர் 1964-இல் விமான விபத்தில் இறந்தவர், ஆனால் எங்கட தெருவில் ஒவ்வொரு நத்தாருக்கும் (கிறிஸ்துமஸ்) உயிரோடு வந்துவிடுவார். அப்பா கேக் வெட்டும்போது அந்தத் தட்டு ஓட வேண்டும், இல்லாவிட்டால் கோபம் வந்துவிடும். வெல்வெட் மாதிரிக் குரல், பின்னால் வயலின்கள், ஒரு பிசிறு கிடையாது.

பிறகு ஒருநாள் மாமா வெளிநாட்டிலிருந்து காஷின் இந்தத் தட்டைக் கொண்டுவந்தார். அப்பா ஒரு பக்கம் முழுக்கக் கேட்டார். "இவருக்குச் சுருதி நிக்குதில்லை, தொண்டையில சளி கிடக்குது" என்று எழும்பிப் போய்விட்டார். நானும் அக்காவும் மட்டும் அறையைப் பூட்டிக்கொண்டு மிச்சத்தைக் கேட்டோம். பாட்டை விட எங்களுக்குப் பிடித்தது நடுவில் வருகிற பேச்சும் சிரிப்பும்தான். ஒரு சோகப் பாட்டின் நடுவிலேயே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். சுரங்கத் தொழிலாளியின் கஷ்டத்தைச் சொல்கிற பாட்டு அது. ஜிம் ரீவ்ஸ் தட்டில் அப்படி ஒன்று நடந்தால் கம்பனி வெளியே விட்டிருக்காது.

மோர்ஸ்கார அண்ணைக்கு ஒன்று சொல்கிறேன். அந்தச் சிரிப்பை யாரும் ஒட்டவில்லை.

ஒலிக்கூடம் | ஞாயிறு, மதியம் 12.20

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் சிறை ஒலிபெருக்கி குறுக்கிடுகிறது. ஒரு கைதியின் எண்ணைச் சொல்லி, வரவேற்பறைக்கு வரச் சொல்லி அழைக்கிறார்கள். பாட்டு, கைதட்டல் எல்லாவற்றுக்கும் நடுவே கொஞ்சம்கூட உணர்ச்சியில்லாத அந்த அலுவலகக் குரல். தயாரிப்பாளர் பாப் ஜான்ஸ்டன் அதை வெட்டியிருக்கலாம். எங்கள் தொழிலில் யாராக இருந்தாலும் முதல் வேலையாக அதைத்தான் வெட்டுவோம். அவர் விட்டுவைத்தார்.

அதே ஆள்தான் கூச்சல் ஒட்டிய தட்டையும் வெளியே விட்டவர். ஆகவே அவரை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்கும் குழப்பம்தான்.

சாக்ரமெண்டோ சங்கரி | ஞாயிறு, இரவு 9.48

இங்கே இப்போதுதான் விடிந்தது, அதனால் தாமதம். நான் இருப்பது ஃபோல்சமிலிருந்து அரை மணி நேர கார் தூரம். போன மாதம்கூட அங்கே சைக்கிள் விட்டேன். ஊர்க்காரர்கள் ஜானி காஷ் பேரிலேயே ஒரு சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். சாலைக்கு மேலே போகிற பாலத்தின் இரண்டு பக்கமும் சிறையின் காவல் கோபுரம் மாதிரியே கட்டியிருக்கிறார்கள். சிறை 1880-இல் திறந்தது. சுவரெல்லாம் கருங்கல். பக்கத்திலேயே அமெரிக்கன் ஆறு.

சிறைக்குள் நம்மை விட மாட்டார்கள், கச்சேரி நடந்த சாப்பாட்டுக் கூடத்தைப் பார்க்க முடியாது. பக்கத்தில் சிறை அருங்காட்சியகம் இருக்கிறது, அதுவரை போகலாம். மேடை, இருட்டு, விளக்கு என்று நான் மனசில் வைத்திருந்தது எல்லாம் தப்பு. 1968 ஜனவரி 13, காலை 9.40. மேசை பெஞ்சு போட்ட மெஸ் ஹால். கச்சேரியின்போது விளக்கைக்கூட அணைக்கவில்லை. ஆயிரம் பேர் அளவில் கைதிகள். காலையில் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்த ஆட்களுக்கு முன்னால்தான் அவர் அத்தனையும் பாடினார்.

முந்தின நாட்களில் சாக்ரமெண்டோவில் ஒரு மோட்டலில் ஒத்திகை. அப்போது கவர்னராக இருந்த ரொனால்ட் ரீகன் அதே மோட்டலுக்கு வேறு ஏதோ விருந்துக்கு வந்தவர், எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் அந்த ஒத்திகையில் முக்கியமானது வேறு. கைதிகளுக்கு ஆலோசனை சொல்லப் போய்வந்த கிரெசெட் என்ற போதகர், காஷுக்கும் நண்பர், ஒரு டேப்பைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். ஃபோல்சமில் ஆயுதக் கொள்ளைக்காக இருந்த கிளென் ஷெர்லி என்பவர் எழுதிப் பாடியது. சிறைக்குள் இருக்கிற கருங்கல் தேவாலயத்தைப் பற்றிய பாட்டு. காஷ் ராத்திரியோடு ராத்திரியாக அதைக் கற்றுக்கொண்டார்.

மறுநாள் காலைக் காட்சியின் கடைசியில், இதை உங்களில் ஒருவர் எழுதினார் என்று சொல்லிவிட்டுப் பாடுகிறார். ஷெர்லி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். தன் பாட்டு வரப்போகிறது என்பதே அவருக்குத் தெரியாது. காஷ் மேடையிலிருந்து குனிந்து கைகொடுக்கிறார். ஜிம் மார்ஷல் எடுத்த அந்தப் படம் இருக்கிறது, பாருங்கள்.

மோர்ஸ்காரர் மாமா, எனக்கு அந்தக் கூச்சலைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் இந்தப் பாட்டை நான் இன்றைக்கும் கடைசி வரை கேட்பதில்லை. ஷெர்லி கதை எப்படி முடிந்தது என்று தெரிந்ததிலிருந்து.

மோர்ஸ்காரர் | திங்கள், காலை 5.55

எப்படி முடிந்தது அம்மா? கேசட்டில் அவர் பேர் பொடி எழுத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

சாக்ரமெண்டோ சங்கரி | திங்கள், காலை 7.20

காஷ் அவருக்காகப் பல பேரிடம் பேசினார். 1971-இல் ஷெர்லி வெளியே வந்தபோது வாசலில் காஷே காத்திருந்தார். தன் குழுவிலேயே சேர்த்துக்கொண்டார், மேடையேற்றினார். 1972-இல் சிறைச் சீர்திருத்தம் பற்றி அமெரிக்க செனட் குழுவின் முன் இரண்டு பேரும் பேசினார்கள்.

ஆனால் வெளியுலகம் அவருக்குப் பிடிபடவில்லை. நேரத்துக்கு வருவது, ஊர் ஊராகப் போவது, கூட்டம், எதுவும் ஒத்துவரவில்லை. கூட வாசிக்கிறவர்களுக்கே அவரிடம் பயம் வந்தது. கடைசியில் காஷ் அவரை அனுப்பிவிட்டார். கலிபோர்னியாவுக்குத் திரும்பி வந்து மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்தார். 1978 மே மாதம் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். இறுதிச் செலவை ஏற்றது காஷ்.

கைகொடுக்கிற அந்தப் படம் எடுத்து பத்து வருஷம் நாலு மாசம்.

மோர்ஸ்காரர் | திங்கள், காலை 8.02

படித்தேன். கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் கடைசிப் பாட்டு அதுதான். நான் பாதி நாள் அங்கே வருவதற்குள் தூங்கிப்போயிருக்கிறேன்.

சும்மா இருப்பவன் | திங்கள், காலை 10.11

சரி, இந்த முறை விளையாட்டில்லை. நல்ல பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1950-களின் கடைசியில் காஷ் சான் குவென்டின் சிறையில் பாடியபோது கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒரு இளம் கைதி மெர்ல் ஹாகர்ட். 1960-இல் வெளியே வந்து கன்ட்ரி இசையின் பெரிய ஆளாகிவிட்டார். அவருக்கு 1972-இல் முழு மன்னிப்பு கொடுத்த கவர்னர் யார் தெரியுமா? மோட்டலில் எட்டிப் பார்த்தாரே, அதே ரீகன்.

ஒருவனுக்குப் பாட்டு வழிவிட்டது, ஒருவனுக்கு விடவில்லை. காஷ் இரண்டு பேருக்கும் ஒரே கச்சேரியைத்தான் கொடுத்தார்.

இன்னொரு வேடிக்கை. காஷே பெரிய சிறைப்பறவை என்று பாதிப் பேர் நம்புகிறார்கள். அவர் தண்டனைக் கைதியாக ஒருநாள்கூட இருந்ததில்லை. லாக்கப்பில் சில ராத்திரிகள், அவ்வளவுதான். 1965-இல் எல் பாசோவில் கிட்டார் பெட்டிக்குள் மாத்திரைகளோடு பிடிபட்டார். அதே வருஷம் மிசிசிபியில் ராத்திரி அடுத்தவர் வீட்டுப் பூவைப் பறித்ததற்காக உள்ளே போட்டார்கள். பூவுக்காக!

ஒலிக்கூடம் | திங்கள், மதியம் 1.30

பொய் நிஜம் என்று பேசுகிறோமே, அந்த ரீனோ பாட்டின் பூர்வீகமே சிக்கல்தான். அமெரிக்க விமானப்படையில் ஜெர்மனியில் இருந்தபோது ஃபோல்சம் பற்றிய ஒரு படத்தைப் பார்த்துவிட்டு எழுதினார். மெட்டும் பல வரிகளும் கார்டன் ஜென்கின்ஸ் என்பவர் 1953-இல் வெளியிட்ட ஒரு பாட்டிலிருந்து அப்படியே வந்தவை. இந்தச் சிறைத் தட்டு பிய்த்துக்கொண்டு ஓடிய பிறகு ஜென்கின்ஸ் தரப்புக்கு 75,000 டாலர் அளவில் கொடுத்துத் தீர்த்தார்கள். ஆனால் ரீனோ வரி காஷின் சொந்தச் சரக்கு. ஒருவனைக் கொல்ல எது மிக மோசமான காரணமாக இருக்கும் என்று யோசித்து எழுதினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த வரிக்கு நேர்ந்ததையும் கேளுங்கள். 1968 ஜூனில் ராபர்ட் கென்னடி சுடப்பட்டார். அந்தப் பாட்டை மட்டும் தனியாக விட்ட சிங்கிள் தட்டு அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. வானொலிக்காரர்கள் ஒளித்துவைத்துவிட்டார்கள். கம்பெனி அந்த வரியையே வெட்டி மறுபடி வெளியிட்டது, காஷ் வேண்டாம் என்று சொன்னதையும் மீறி. அப்புறம் அது கன்ட்ரி பட்டியலில் முதலிடம் வரை போனது. ஒரே கம்பெனி, ஒரே வருஷம், ஒரே வரி. தட்டில் அதற்கு ஒரு கூச்சலை ஒட்டினார்கள், வானொலிக்கு வரியையே பிடுங்கிவிட்டார்கள்.

மோர்ஸ்காரர் | திங்கள், இரவு 8.45

ஜெர்மனி என்றதும் சொல்ல வேண்டியது ஞாபகம் வந்தது. விமானப்படையில் காஷ் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? லாண்ட்ஸ்பெர்க் தளத்தில் உட்கார்ந்து சோவியத் மோர்ஸ் செய்திகளை ஒட்டுக்கேட்டு எழுதுகிற வேலை. எங்கள் ஆள்! ஸ்டாலின் இறந்த செய்தியைத் தான்தான் முதலில் பிடித்தேன் என்று அவரே சொல்லிக்கொண்டார். ரேடியோ ரூமில் வேலை பார்த்த ஒவ்வொருவரிடமும் இந்த மாதிரி ஒரு கதை இருக்கும், என்னிடமும் ஒன்று இருக்கிறது, பாதி நம்பினால் போதும்.

இது தெரிந்த பிறகுதான் அந்த டுக்கு-டுக்கு-டுக்கு தாளம் எனக்கு ஏன் ஒட்டிக்கொண்டது என்று புரிந்த மாதிரி இருந்தது. எல்லாரும் ரயில் என்கிறார்கள். எனக்கு அது நல்ல ஆபரேட்டரின் கை. வேகம் ஏறாது, இறங்காது.

சான் குவென்டின் கேசட்டும் என்னிடம் இருந்தது. அதில் பெண் பேர் வைக்கப்பட்ட பையனின் பாட்டில் ஒரு கெட்ட வார்த்தையை மறைக்க 'பீப்' போட்டிருப்பார்கள். முதல் முறை அது வந்தபோது, அரைத்தூக்கத்தில் பென்சிலைத் தேடினேன். ஒரு நீளக் கோடு, அப்படியென்றால் மோர்ஸில் 'T', அடுத்த எழுத்து வரட்டும் என்று காத்திருந்தேன்.

கூச்சல் விஷயம். நேற்று ராத்திரி மருமகன் போனில் முழுக் காட்சியைப் போட்டுக் காட்டினார். அந்த வரி வந்தது, போனது. யாரும் கத்தவில்லை. கேசட்டில் அந்த இடத்தில் நான் சிரிப்பேன். நேற்று சிரிக்கவில்லை. ஆயிரம் பேர் வாயை மூடிக்கொண்டு கேட்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் தம்பி, நேர்மையாகச் சொல்கிறேன், காலையில் எழுந்து மறுபடி கேசட்டைத்தான் போட்டேன்.

கொட்டாஞ்சேனை | திங்கள், இரவு 9.30

அண்ணை, பெரிய பதிப்பில் கார்ல் பெர்கின்சும் ஸ்டாட்லர் சகோதரர்களும் முன்னால் பாடுவதும் இருக்கிறது, தவறவிடாதீர்கள். காஷுக்குக் கிட்டார் வாசிக்கும் லூதர் பெர்கின்ஸ் கார்லுக்குச் சொந்தமில்லை, பேர் மட்டும்தான் ஒன்று. லூதர் அந்த வருஷ ஆகஸ்ட் மாதமே வீட்டில் தீப்பிடித்து இறந்துவிட்டார். நான் இப்போது போடும்போது அவர் கிட்டாரை மட்டும்தான் கவனித்துக் கேட்பது. ஒரு சுரம் கூட அதிகமாக வாசிக்க மாட்டார், பாவம் மனுஷன்.

ஒலிக்கூடம் | செவ்வாய், காலை 9.10

தாளத்தைப் பற்றி மோர்ஸ்காரர் ஐயா சொன்னதால் இது. தொடக்கத்தில் அவர்களிடம் டிரம்ஸ் கிடையாது. காஷ் தன் கிட்டாரில் தந்திகளுக்கு இடையே மடித்த காகிதத்தைச் செருகிக்கொண்டு வாசிப்பார். ஸ்நேர் டிரம்மைத் தேய்க்கிற மாதிரிச் சத்தம் வரும். ஃபோல்சமுக்குப் போகும்போது ஹாலண்ட் என்ற டிரம்மர் சேர்ந்துவிட்டார், ஆனால் தாளத்தின் பிறப்பு அந்தக் காகிதம்தான். டாலர் நோட்டு என்றும் சொல்வார்கள்.

சும்மா இருப்பவன் | செவ்வாய், இரவு 7.15

சும்மா இருக்க முடியவில்லை. பையனின் கிட்டாரை எடுத்துச் செய்து பார்த்தேன். புது பத்து ரூபாய் நோட்டு சரிப்படவில்லை, வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. ஏ4 தாள் தடிமன், தந்தி ஊமையாகிவிடுகிறது. கடைசியில் பஸ் டிக்கெட்டுகள் நாலைந்தைச் சேர்த்து மடித்து, கழுத்துப் பக்கமாக ஒரு தந்திக்கு மேல், ஒரு தந்திக்குக் கீழ் என்று பின்னி விட்டேன். அசல் சத்தம்! டுக்கு-டுக்கு. பையன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டான்.

மோர்ஸ்காரர் | செவ்வாய், இரவு 7.40

பதிவு செய்து போடும். கைதட்டலை தம்பி ஒட்டிக்கொடுப்பார்.